வேலையோடு கல்வியியலில் ஆய்வுப் பட்டம்: யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குகிறவர்களுக்கு

பத்திரிகையில் பட்டப்பின் படிப்பு விளம்பரம் வந்த மறுநாள், எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் அந்தத் துண்டை மட்டும் யாரோ கத்தரித்துக்கொண்டு போயிருப்பார்கள். யாரென்று ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். இரண்டு கிழமை கழித்து, சான்றிதழ்களைப் போட்டோக்கொப்பி எடுக்கும் வரிசையில்தான் ஆள் பிடிபடும். அப்படி ஒளித்து விண்ணப்பித்தவர்களில் நானும் ஒருத்தி. கணிதம் படிப்பித்துக்கொண்டே முதுகல்விமாணியும் (எம்.எட்.) பிறகு முதுதத்துவமாணியும் (எம்.பில்.) முடித்தேன். இரண்டிலும் என்னை மினக்கெடுத்தியது படிப்பின் கடினம் அல்ல. எந்தப் பட்டம், எவ்வளவு பெரிய கேள்வி என்ற இரண்டையும் தொடக்கத்தில் தீர்மானிக்காமல் இறங்கியதுதான். ஆகவே அந்த இரண்டுக்கும் இங்கே கூடுதல் இடம் கொடுக்கிறேன்.

பட்டத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பியாதீர்கள்

எங்களிடம் "டிப் இன் எட்" என்று பெயர் பெற்ற பட்டப்பின் கல்வி டிப்ளோமா ஒரு தொழில் தகைமை. ஆசிரியராக உங்களை நிலைநிறுத்தும், ஆனால் ஆய்வுப் பட்டம் அல்ல. அதை முடித்த கையோடு "அடுத்தது கலாநிதி (பிஎச்.டி.)" என்று கிளம்பியவர்களை எனக்குத் தெரியும். இடையிலே படிகள் இருக்கின்றன.

இலங்கைத் தகைமைகள் சட்டகம் படிப்புகளை 12 நிலைகளாக அடுக்கி வைத்திருக்கிறது. பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் நிலை. பாடநெறிகளை மட்டும் படித்துப் பெறும் முதுமாணி 9ஆம் நிலை, அதற்குக் குறைந்தது 30 கிரெடிட் (படிப்பின் அளவை எண்ணும் அலகு). பாடநெறியோடு ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் நிலை, அதற்கு 60 கிரெடிட். அதில் ஆய்வுக்கு மட்டும் குறைந்தது 15 இருக்கவேண்டும். முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. முழுநேரமாகச் செய்தால் முதுதத்துவமாணிக்குக் குறைந்தது இரண்டு வருடம், கலாநிதிக்கு மூன்று. பகுதிநேரத்தில் இது நீளும்.

இதை ஏன் இவ்வளவு விபரமாகச் சொல்லுகிறேன் என்றால், "முதுகல்விமாணி" என்ற ஒரே பெயரில் 9ஆம் நிலையும் வரும், 10ஆம் நிலையும் வரும். விளம்பரத்தில் சின்ன எழுத்தில் நிலை போட்டிருக்கும். பதவி உயர்வுக்கு ஒரு முதுமாணி இருந்தால் போதும் என்பவருக்கு 9 போதுமானதாக இருக்கலாம். பிற்காலத்தில் ஆய்வுப் பட்டத்துக்குப் போகும் எண்ணம் துளியளவு இருந்தாலும் 10ஐத் தேடுங்கள். 9ஐ முடித்துவிட்டு ஆய்வுக்குப் போகிறவருக்கு, ஆய்வு செய்த அனுபவம் எங்கே என்ற கேள்வி நேர்முகத்திலேயே வரும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஆய்வில் ஒரு கிரெடிட் என்பது சட்டகத்தின்படி 100 மணித்தியால உழைப்பு. 15 கிரெடிட் என்றால் 1500 மணித்தியாலம். கிழமைக்குப் பத்து மணித்தியாலம் ஒதுக்குகிற ஆசிரியருக்கு அது 150 கிழமை, கிட்டத்தட்ட மூன்று வருடம். ஏட்டுக் கணக்குத்தான், ஆனாலும் "ஏன் எல்லாரும் பிந்துகிறார்கள்" என்பதற்கு என்னிடம் உள்ள நல்ல விடை இதுதான்.

எங்கே பதிவது

கைக்கெட்டிய தூரத்தில் திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. கல்வியியல் துறை கலைப்பீடத்தில் இருக்கிறது, பட்டப்பின் படிப்புகளுக்கு உயர் பட்டப்படிப்புகள் பீடம். திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் கொக்குவிலில் இருக்கிறது. தீவகத்திலோ வன்னியிலோ வேலை செய்கிறவர்களுக்குத் தொலைக்கல்வி முறை வசதி. கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களிலும் கல்வியியலில் ஆய்வுப் பட்டம் செய்யலாம். மகரகமவில் தேசிய கல்வி நிறுவகம் உண்டு.

கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வெள்ளி இரவு பஸ் ஏறி, சனி விடியச் சந்திப்புக்குப் போய், அன்றிரவே திரும்பி ஏறி, திங்கள் முதலாம் பாடவேளைக்கு நிற்கலாம். இளவயதில் செய்யலாம்தான். ஆனால் உங்கள் விடயத்துக்குப் பொருத்தமான மேற்பார்வையாளர் அங்கேதான் இருக்கிறார் என்றால் மட்டும் போங்கள். நகரத்தின் பெயருக்காகப் போகவேண்டாம்.

வெளிநாட்டுக் கலாநிதிப் பட்டம் "வீட்டிலிருந்தே, பதினெட்டு மாதத்தில்" என்று முகநூலில் வரும் விளம்பரங்களுக்கு ஒரு சொல். பணம் கட்டுமுன் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் அல்ல, எழுத்தில். என்னோடு படிப்பித்த ஒருவர் அப்படியொரு பட்டத்துக்குக் கட்டிய காசு கடலில் கரைத்த பெருங்காயம்.

கேள்வியைச் சைக்கிள் போகும் தூரத்துக்குள் வையுங்கள்

என் முதல் தலைப்பு இது: "வட மாகாண இடைநிலை மாணவரின் கணித அடைவில் சமூகப் பொருளாதாரக் காரணிகளின் செல்வாக்கு". எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் மதிப்பு வந்தது. மேற்பார்வையாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை பாடசாலை?"

"இன்னும் தீர்மானிக்கேல்லை சேர்."

"எந்தத் தரம்? அடைவு எண்டு எதைச் சொல்லுறீர், தவணைப் பரீட்சைப் புள்ளியையோ? உம்மட அதிபர் எத்தனை நாள் லீவு தருவார்?"

ஒன்றுக்கும் விடை இல்லை. "அப்ப போய், வகுப்பிலை உமக்கு விளங்காத ஒரு விசயத்தைக் கொண்டு வாரும்" என்று அனுப்பிவிட்டார்.

தரம் 8 பிள்ளைகள் 1/2 உடன் 1/3ஐக் கூட்டி 2/5 என்று எழுதுவார்கள். பத்து வருடமாக அதைச் சிவப்பு மையால் வெட்டி வந்தேன். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு பிள்ளையிடமும் கேட்டதில்லை. கடைசியில் ஆய்வு அதுவாயிற்று: வலிகாமம் வலயத்தில் மூன்று பாடசாலைகள், தரம் 8, பின்னங்களைக் கூட்டும்போது விடும் பிழைகளும் அவற்றின் பின்னாலுள்ள எண்ணங்களும். மூன்று பாடசாலைகளும் என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். தலைப்பு சிறுத்தபோது வெட்கமாக இருந்தது. எழுதத் தொடங்கியபோது, இது கூடச் சற்றுப் பெரிதோ என்று தோன்றியது.

உங்களுக்கான கேள்வியைத் தேட ஒரு வழி சொல்லுகிறேன். ஒரு தவணை முழுக்க ஒரு சின்னக் கொப்பி வைத்திருங்கள். வகுப்பிலோ பணிமனையிலோ உங்களைக் குழப்பியதையும் கோபப்படுத்தியதையும் திகதியோடு குறியுங்கள். தவணை முடிவில் மூன்று தரத்துக்கு மேல் வந்த விடயம் எதுவோ அதுதான் ஆய்வு. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிறகு தரம் 6இல் சில பிள்ளைகள் ஏன் சோர்ந்துபோகிறார்கள்? ரியூசனுக்குப் போகும் பிள்ளை வகுப்பில் என்ன செய்கிறது? ஆரம்பப் பிரிவில் ஆங்கிலம் படிப்பிக்க வந்த புதியவர் முதல் வருடத்தை எப்படிச் சமாளிக்கிறார்? எல்லாம் கைக்கெட்டிய கேள்விகள். ஆசிரிய ஆலோசகராகவோ அதிபராகவோ இருப்பவர்களுக்கு வேறு வாசல்கள் உண்டு. வகுப்பறைக் கண்காணிப்புக்குப் பிறகு நீங்கள் எழுதிக் கொடுக்கும் குறிப்பை ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதே ஒரு நல்ல ஆய்வு.

பாடசாலைகளுக்கு அலைய முடியாதவர்கள் ஆவண ஆய்வை யோசிக்கலாம். யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாறு வற்றாத கிணறு. 1816இல் வந்த அமெரிக்க மிஷன், 1823இன் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை, 1848இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப் பாடசாலை, 1945இன் இலவசக் கல்வி, எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தல். இவற்றில் எதைத் தொட்டாலும் இன்னும் ஒருவரும் கேளாத ஒரு சின்னக் கேள்வி கிடைக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தவற்றில் சில திரும்ப வரப்போவதில்லை. ஆனால் "நூலகம்" (noolaham.org) என்ற இணையத்தளத்தில் பழைய பாடசாலை மலர்கள், சஞ்சிகைகள், அறிக்கைகள் ஏராளமாக இருக்கின்றன. இரவு பத்து மணிக்கும் வாசிக்கலாம். வேலைக்குப் போகிறவருக்கு இது பெரிய காரியம்.

மேற்பார்வையாளரை அணுகுவது

விண்ணப்பம் போடுமுன் சந்தியுங்கள். அவருடைய கட்டுரைகளில் இரண்டையாவது வாசித்துவிட்டுப் போங்கள். முதல் மின்னஞ்சல் பத்து வரிக்குள் முடியட்டும். நீங்கள் யார், எங்கே படிப்பிக்கிறீர்கள், என்ன கேள்வி, அதற்கு அவரை ஏன் நாடுகிறீர்கள், எந்த நாளில் சந்திக்கலாம். இணைப்பாக இரண்டு பக்கம் போதும். நாற்பது பக்க முன்மொழிவை முதல் நாளே அனுப்பினால் ஒருவரும் திறக்க மாட்டார்கள்.

இன்னாரின் சொந்தக்காரர் என்று சொல்லிப் போகிற வழக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது. பதிவுக்கு அது உதவினாலும், மூன்றாம் வருடத்தில் அத்தியாயம் திருத்தக் கேட்கும்போது உதவாது.

அவரிடம் கேட்கவேண்டிய நாலு விடயங்கள்: இப்போது எத்தனை பேரை மேற்பார்வை செய்கிறார், வெளிநாட்டு விடுமுறைக்குப் போகும் எண்ணம் உண்டா, ஒரு அத்தியாயத்தைக் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பும், ஆய்வேட்டைத் தமிழில் எழுதலாமா. கடைசிக் கேள்விக்கான விடையைப் பதிவுக்கு முன்பே பீடத்திடமும் உறுதிப்படுத்துங்கள். தமிழில் பாதி எழுதியபிறகு மொழிபெயர்க்கிற பாடு ஒருவருக்கும் வரக்கூடாது.

சந்திப்பு முடிந்த அன்றிரவே, பேசியவற்றை ஐந்து வரியில் எழுதி அவருக்கு அனுப்பிவிடுங்கள். "சேர், இன்று நீங்கள் சொன்னபடி மூன்றாம் அத்தியாயத்தில் மாதிரி எடுத்த முறையை விரிவாக்குகிறேன், அடுத்த சந்திப்பு 14ஆம் திகதி." ஆறு மாதம் கழித்து "நான் அப்பிடிச் சொல்லேல்லையே" என்ற பேச்சு வராது.

லீவும் நேரமும்

கற்கை விடுமுறைக்கான விதிகள் அரச ஊழியருக்குரிய தாபன விதிக்கோவையில் இருக்கின்றன. பகுதிநேரமாகப் படிப்பதானாலும் பதிவைப் பற்றி அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் அறிவியுங்கள். ஒளித்துப் படித்த எனக்கு, பட்டத்தைச் சுயவிபரக் கோவையில் சேர்க்கும் நேரத்தில் ஒரு பணிமனை மேசையில் மூன்று மாதம் விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது.

நேரத்துக்கு என் கணக்கு: விடிய நாலரை முதல் ஆறு வரை, கிழமையில் ஐந்து நாள். சனி மூன்று மணித்தியாலம். மொத்தம் பத்தரை. பின்னேரத்தை நம்பாதீர்கள். பாடசாலை விட்டு வந்து, சமைத்து, பிள்ளையின் வீட்டுவேலை பார்த்து, திருத்த வேண்டிய கொப்பிக் கட்டை எடுக்கும் நேரத்தில் மூளை கஞ்சியாகிவிடும். விடியலில் எழுதுங்கள், பின்னேரத்தில் உசாத்துணை ஒழுங்குபடுத்துவது போன்ற கைவேலையைச் செய்யுங்கள். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளை எழுத்துக்கு ஒதுக்கலாம். ஆகஸ்ட் மட்டும் சிக்கல். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெளிநாட்டிலிருந்து உறவுகள் வந்திறங்கினால் உங்கள் மேசையில் சூட்கேஸ்தான் இருக்கும்.

தரவு சேர்க்கப் போகுமுன்

மாகாணப் பாடசாலை என்றால் மாகாணக் கல்வித் திணைக்களம், வலயக் கல்விப் பணிமனை வழியாக அனுமதி. தேசியப் பாடசாலை என்றால் பத்தரமுல்லை இசுருபாயவிலுள்ள கல்வி அமைச்சு. இரண்டு வகையும் மாதிரியில் இருந்தால் இரண்டு இடமும் எழுதவேண்டும். பல்கலைக்கழகத்தின் கடிதத்தையும் வினாக்கொத்தின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். குறைந்தது இரண்டு மாதம் முன்னதாக. அதன் பிறகும் ஒவ்வொரு அதிபரையும் நேரில் கண்டு நாள் குறிக்கவேண்டும். விளையாட்டுப் போட்டிக் காலத்திலும் தவணைப் பரீட்சைக் காலத்திலும் போய் நின்றால் தேத்தண்ணி கிடைக்கும், தரவு கிடைக்காது. நெடுந்தீவுப் பாடசாலையைச் சேர்க்கிறவர்கள் குறிகட்டுவானிலிருந்து போகும் படகு நேரத்தையும், முக்கியமாகத் திரும்பி வரும் கடைசிப் படகையும் விசாரித்துவிட்டு நாள் குறியுங்கள். ஒரு நேர்காணலுக்கு ஒரு முழு நாள் என்று எண்ணிக்கொள்ளலாம்.

பிள்ளைகளிடம் தரவு எடுக்கப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழு அனுமதியும் வேண்டும். இதை வெறும் கடுதாசி வேலை என்று நினைக்க வேண்டாம். என் சொந்த வகுப்பில் முதல் நேர்காணலைச் செய்தேன். "இதை எப்பிடிச் செய்தனீர்?" என்று கேட்டால் பிள்ளை தலையைக் குனிந்தது. "பிழையோ ரீச்சர்?" என்றது. எது கேட்டாலும் "ஓம் ரீச்சர்". புள்ளி போடுகிற கைக்கு முன்னால் எந்தப் பிள்ளையும் மனந்திறக்காது. பிறகு நானும் பக்கத்துப் பாடசாலை ஆசிரியை ஒருவரும் மாறிக்கொண்டோம். என் பிள்ளைகளை அவர் கேட்டார், அவருடைய பிள்ளைகளை நான். அங்கே ஒரு பெடியன் அலட்டிக்கொள்ளாமல் சொன்னான்: "மேலை உள்ளதுகளைக் கூட்டினனான், பிறகு கீழை உள்ளதுகளைக் கூட்டினனான். இரண்டும் வேற வேற இலக்கம்தானே." பின்னத்தை ஒரே எண்ணாக அவன் பார்க்கவில்லை என்பது அந்த ஒரு வசனத்தில் வெளித்தது. முந்நூறு வினாக்கொத்தில் அது கிடைத்திராது.

வினாக்கொத்துத்தான் உங்கள் வழி என்றால் மாதிரி அளவுக்கு 1970இல் வெளிவந்த கிரெஜ்சி, மோர்கன் அட்டவணையை எல்லாரும் காட்டுவார்கள். 100 பேருள்ள குடித்தொகைக்கு 80, 500க்கு 217, 1000க்கு 278. அது எழுமாற்றாக எடுக்கும் மாதிரிக்கு உரியது. பத்துப் பேரை ஆழமாக நேர்காணப்போகிறவர் அதை மேற்கோள் காட்டினால் வாய்மொழிப் பரீட்சையில் மாட்டுவார். ஆங்கில அளவுகோலைத் தமிழாக்கினால், மூலத்தைப் பார்க்காத வேறொருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிடுங்கள். பிறகு ஒரு முப்பது பேரிடம் முன்னோடியாகக் கொடுத்துப் பாருங்கள். "நான் கணிதத்தை வெறுக்காதவன் அல்ல" மாதிரியான இரட்டை எதிர்மறை வசனங்களில் பிள்ளைகள் தடுக்கி விழுவது அப்போதுதான் தெரியும்.

நேர்காணலை எழுத்தாக்குவதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஒரு மணித்தியால ஒலிப்பதிவுக்கு ஐந்து மணித்தியாலம் போய்விடும். கைத்தொலைபேசியின் குரல் தட்டச்சு எங்கள் பேச்சை நன்றாகக் குதறுகிறது. "செய்தனீங்கள்" என்பதை அது என்னவெல்லாமோ ஆக்கித் தந்தது.

பாமினியை மறந்துவிடுங்கள்

இது சின்ன விடயம்போலத் தெரியும், ஆனால் கண்ணீர் வரவைக்கும். ரைப்செற்றிங் கடைகளில் இன்னமும் பாமினி எழுத்துருவில் அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அது யூனிகோடுக்கு முந்திய முறை; அந்தக் கோப்பில் யூனிகோடில் அடித்து ஒரு சொல்லைத் தேட முடியாது, உசாத்துணை மென்பொருளோடு பொருந்தாது, ஒப்புமை பார்க்கும் மென்பொருளுக்கு அது வெறும் குப்பை எழுத்து. முதல் வரியிலிருந்து யூனிகோடில் நீங்களே அடியுங்கள். ஒரு மாதத்தில் கை பழகிவிடும்.

உசாத்துணைகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் சொட்டெரோ (Zotero) மென்பொருள் இலவசம். உசாத்துணை எழுதும் முறைகளில் பெரும்பாலும் ஏபிஏ (APA) முறையின் 7ஆம் பதிப்பைக் கேட்பார்கள். எங்கள் பெயர்களில்தான் அது தடுமாறும். முன்னாலுள்ள எழுத்து தகப்பன் பெயர், பின்னால் வருவது ஆளின் பெயர். மென்பொருளில் ஆளின் பெயரைக் குடும்பப் பெயருக்குரிய கட்டத்திலும், தலைப்பெழுத்தை மற்றக் கட்டத்திலும் இடுங்கள். தமிழ் நூல்களைத் தனியாக அடுக்குவதா, ஆங்கிலத்தோடு கலப்பதா என்பதைத் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

கோப்பை மூன்று இடத்தில் வையுங்கள்: கணினி, பென்ட்ரைவ், கூகுள் ட்ரைவ். என் நாலாம் அத்தியாயம் ஒரு இடிமின்னலில் கணினியோடு போனது. திரும்ப எழுத ஏழு கிழமை.

பகுப்பாய்வும் வாய்மொழிப் பரீட்சையும்

"எஸ்பிஎஸ்எஸ் செய்து தரப்படும்" என்ற அறிவித்தல்களைக் கண்டிருப்பீர்கள். புள்ளிவிபரப் பகுப்பாய்வு செய்யும் மென்பொருள் (SPSS) அது. ஆய்வேட்டையே எழுதித் தருகிறவர்களும் உண்டு. அப்படி எழுதுவிப்பது களவு, அதோடு மடைத்தனமும். பரீட்சகர் "இந்தச் சோதனையை ஏன் தெரிந்தீர்?" என்று கேட்கும்போது கடைக்காரர் பக்கத்தில் இருக்க மாட்டார். தெரியாததை ஒருவரிடம் காசு கொடுத்துப் படியுங்கள், ஓடுகிற கையும் எழுதுகிற கையும் உங்களுடையதாக இருக்கட்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இதுதான். இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்லும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. நீங்கள் கையில் எடுத்து வாசிக்காத எதையும் உசாத்துணையில் போடவேண்டாம்.

வாய்மொழிப் பரீட்சைக்கு ஆய்வேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு வரியாகச் சுருக்கி எழுதிக்கொண்டு போனேன். முதல் கேள்வி, "மூன்றே மூன்று பாடசாலையை வைத்து என்ன சொல்லலாம்?" இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். பொதுமையாக்கவில்லை, பிழைக்குப் பின்னாலுள்ள எண்ணத்தைத் தேடினேன் என்று பின்னக் கணக்குப் பெடியனின் வசனத்தை வாசித்துக் காட்டினேன். திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள். திருத்தம் கேட்டால் சோர வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு வரும். கேட்ட ஒவ்வொன்றையும் அட்டவணையில் இட்டு, எந்தப் பக்கத்தில் எப்படி மாற்றினேன் என்று எதிரே எழுதிக் கொடுங்கள்.

திருத்தப் பிரதி ஏற்கப்பட்டதும் பட்டமளிப்பு வரை காத்திராமல் பெறுபேற்றுக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அதன் உறுதிப்படுத்திய பிரதியை அதிபர் ஊடாக வலயத்துக்கு அனுப்பி, கோவையில் சேர்த்ததற்கான பதில் கடிதம் வரும்வரை மாதம் ஒருமுறை போய் விசாரியுங்கள். எனக்கு அது வந்த அன்று ஆசிரியர் அறையில் பத்திரிகையின் ஒரு துண்டைக் காணவில்லை. புதிதாக வந்த விஞ்ஞான ரீச்சர் யன்னல் பக்கம் திரும்பி நின்றார்.